பெயர் ஒன்று, இடம் வேறு

கணினித் தரவுத்தளத்தைப் பன்மொழி எழுத்துக்கு மாற்ற முனைவோர், ஒரு கட்டளையிட்டால் பணி முடிந்தது எனக் கருதுகின்றனர். மைஎஸ்கியூஎல் மென்பொருளின் வரலாற்றை நோக்குவார்க்கு அக்கருத்தின் பொருந்தாமை விளங்கும்.

2018இல் 8.0 பதிப்பு வெளிவரும்வரை அதன் இயல்பான எழுத்துத் தொகுதி இலத்தீன்-1. அதில் தமிழுக்கு இடமே இல்லை. கண்டிப்பு முறை இயல்பாகாத பழைய பதிப்புகளில் 'வள்ளியம்மை' என்று பதிந்தால் வினாக்குறிகளே எஞ்சின. பின்னர்த் தொகுதியை மாற்றினும் பெயர் மீளாது.

இதனினும் வஞ்சகமானது பிறிதொரு நிலை. பதியும் செயலியும் தன்னை இலத்தீன்-1 என்றே அறிவித்து யுடிஎஃப்-8 பைட்டுகளை அனுப்பினால், தரவுத்தளம் அவற்றை ஆராயாது வைத்துக்கொள்ளும். கேட்டபோது அவ்வண்ணமே திருப்பித் தரும். திரையில் தமிழ் செம்மையாகத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பி மாற்றக் கட்டளையை நேரே இட்டால், ஒவ்வொரு பைட்டும் தனி இலத்தீன் எழுத்தாகக் கொள்ளப்பட்டு மறுமுறையும் குறியாக்கம் பெற்றுச் சிதையும். நெடுவரிசையை முதலில் வெறும் இருமத் தரவாக்கி, அதன்பின் உரிய தொகுதியின் பெயரைச் சூட்டுதலே முறை. நகலெடுத்து வைத்தே தொடங்குக என்று சொல்லவும் வேண்டுமோ?

பெருங்குற்றம் பெயரிட்டவர்களுடையது. யுடிஎஃப்-8 நெறி நான்கு பைட்டு வரை செல்வது. மைஎஸ்கியூஎல் அமைத்தோரோ மூன்று பைட்டே கொள்ளும் தொகுதிக்கு 'யுடிஎஃப்8' என்று பெயரிட்டனர். 2010இல் முழுமையானதைச் சேர்த்தபோது அதற்கு 'யுடிஎஃப்8எம்பி4' என்னும் வேறு பெயர் வாய்த்தது; குறையுடையதே முழுமையின் பெயரைத் தாங்கி நின்றது. நூலகத்தில் அட்டை மாறிய நூலைப் போன்றது இது.

தமிழெழுத்து மூன்று பைட்டே ஆதலின் நமக்குத் தீங்கில்லை என்பார் உளர். ஓரளவு மெய்யே. எனினும் 2019இல் ஒருங்குறியின் 12.0 பதிப்பில் முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களுக்கும் குறுணி, பதக்கு முதலிய அளவைகளுக்கும் உரிய குறிகள் உட்பட 51 குறியீடுகள் தமிழ்த் துணைத் தொகுதியாக இடம்பெற்றன. இவை ஒவ்வொன்றும் நான்கு பைட்டு. பழைய நிலக்கணக்கைப் பெயர்த்தெழுதிக் குறைத்தொகுதியில் இட்டால், கண்டிப்பு முறை உள்ளவிடத்துத் தரவுத்தளம் மறுக்கும். இல்லாதவிடத்து அக்குறி முதல் எஞ்சிய வரி முழுதும் அறுந்துபோகும்.

மாணவர் பதிவேடு அமைப்போர் நீளக் கணக்கையும் நோக்குதல் வேண்டும். வகுப்பில் 'தமிழ்' மூன்றெழுத்து. தரவுத்தளத்தில் ஐந்து குறி, பதினைந்து பைட்டு. 'மீனாட்சிசுந்தரம்' ஒன்பது எழுத்தே, குறிகளோ பதினாறு. பதினைந்து இடம் தாராளம் என்றெண்ணி ஒதுக்கிய படிவத்தில் ஈற்றுப் புள்ளி மட்டும் உதிர்ந்து, அம்மாணவன் 'மீனாட்சிசுந்தரம' என்றே பதிவாவான்.