அரை ஆள் கணக்கு: லண்டன் சுகாதார அறிக்கைகளை எப்படிப் படிப்பது?

லண்டனின் வெல்கம் நூலகம் 'லண்டன்ஸ் பல்ஸ்' என்ற பெயரில், 1848 முதல் 1972 வரையிலான 5,500-க்கும் மேற்பட்ட சுகாதார அறிக்கைகளை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. நகரம் மட்டுமில்லை, ஈலிங், வில்ஸ்டன் மாதிரி புறநகர்களும் உண்டு. அந்தந்த உள்ளாட்சியின் மருத்துவ அதிகாரி வருஷா வருஷம் எழுதிக் கொடுத்தவை.

1920, 30-களின் அறிக்கைகளில் சுகாதார ஆய்வாளர் பகுதியைப் பாருங்க. எத்தனை வீடு பார்த்தார், எத்தனை குறை, எத்தனை நோட்டீஸ், எத்தனை சரியாச்சு. நம்ம ஐடி கம்பெனி டிக்கெட் ரிப்போர்ட்டேதான்! அந்த எண்களை வைத்து 'ஊர் சுத்தமாகிவிட்டது' என்று முடிவுகட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஆபீஸ் எவ்வளவு உழைத்தது என்பதைத்தான் அவை சொல்கின்றன. ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது வேறு கணக்கு.

வீட்டு நெரிசலையே எடுத்துக்குவோம். 1935 வீட்டுவசதிச் சட்டப்படி கணக்கெடுத்தபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நெரிசலான குடும்பங்கள் 3.8 சதவீதம்தான். அளவுகோல் என்ன? முன்கூடமும் படுக்கையறைக் கணக்கில் சேரும். பத்து வயதுக்குக் கீழே அரை ஆள். ஒரு வயது ஆகாத குழந்தை ஆளே இல்லை. மூன்று அறைக்கு ஐந்து ஆள் வரை அனுமதி. அதாவது அப்பா, அம்மா, பத்து வயதுக்குள் ஆறு பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை: மூன்று அறையில் ஒன்பது உயிர். சட்டப்படி நெரிசல் இல்லை!

எல்லா அதிகாரிகளும் அட்டவணையோடு நின்றுவிடவில்லை. வடக்கே ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் நகர மருத்துவ அதிகாரி மெகானிகிள், 1927-இல் சேரியிலிருந்து புது வீடுகளுக்கு மாற்றப்பட்டவர்களின் இறப்பு விகிதத்தைத் தொடர்ந்து பார்த்தார். குறைய வேண்டியது கூடியிருந்தது. புது வீட்டு வாடகை, சாப்பாட்டுக் காசைத் தின்றுவிட்டது என்பது அவர் விளக்கம். 1936-இல் புத்தகமாகவும் வந்தது. ஆய்வாளர் அட்டவணையில் இதே ஜனங்கள் 'சேரி அகற்றப்பட்டது' என்ற வெற்றிக் கணக்கு. இரண்டு கணக்குமே சுகாதாரத் துறையுடையதுதான். மெகானிகிள் இறப்புப் பதிவையும் குடும்பச் செலவையும் சேர்த்து வைத்துப் படித்தார், அவ்வளவுதான்.

இது ஏதோ வெள்ளைக்காரன் ஊர்ச் சமாச்சாரம் இல்லீங்க. தொல்லை என்றால் என்ன என்று வரையறுத்து, நோட்டீஸ் கொடுத்து, நீக்கச் சொல்லும் இதே முறைதான் 1939 மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டத்திலும் இருக்கிறது. அந்தச் சட்டம் இன்றைக்கும் தமிழ்நாட்டில் நடப்பில் உண்டு.

எங்க அவிநாசி, திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிக்கு பையர் அனுப்பும் ஆடிட்டர் வருவார். 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு தொழிலாளிக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டியிருந்தது. அது சரியாக இருக்கும். ஷிப்ட் முடிந்து அதே ஆள் நாலு பேரோடு வாடகைக்குப் படுக்கும் லைன் வீடு அவர் பட்டியலில் வராது.

அதனால் 'நெரிசல் இத்தனை சதவீதம்' என்று அட்டவணை கண்ணில் பட்டால், இரண்டு கேள்வி கேளுங்க. யாரை அரை ஆளாக எண்ணினார்கள்? வாடகை போகக் கையில் என்ன மிச்சம்?