"தெரியலைன்னா விட்டுடு": நீட் டிப்ஸில் ஒரு கணக்குப் பிழை

நீட் நெருங்கும் மாதங்களில் வரும் டிப்ஸ் வீடியோக்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் வாக்கியம் இது: "நெகடிவ் மார்க் இருக்கு, தெரியலைன்னா விட்டுடு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் இடிக்கிறது.

நீட்டில் 180 கேள்விகள், 720 மார்க். சரியான விடைக்கு 4 வரும், தப்பு விடைக்கு 1 போகும், விட்டால் பூஜ்யம். கண்ணை மூடிக்கொண்டு நாலு கேள்விக்கு விடை குறித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. 4 வரவு, 3 செலவு. ஒரு மார்க் மிச்சம்! ஒவ்வொரு கேள்வியிலும் நிச்சயமாகத் தப்பான ஒரு விடையைக் கழித்துவிட்டால் மூன்று கேள்விக்கு 2 மார்க் மிச்சம். இரண்டைக் கழிக்க முடிந்தால் இரண்டு கேள்விக்கு 3 மார்க்.

யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வில் தப்புக்குப் போவது மூன்றில் ஒரு பங்கு. அங்கே கண்ணை மூடி அடித்தால் வரவும் செலவும் சரியாகிவிடும். நீட்டில் போவது நாலில் ஒரு பங்குதான். இரண்டுக்கும் ஒரே அறிவுரை எப்படிப் பொருந்தும்?

அப்போ எல்லாத்தையும் அடிச்சுத் தள்ளலாமா? அதுவும் இல்லை. குருட்டாம்போக்கில் 20 கேள்வி அடித்தால் சராசரி லாபம் 5 மார்க்; ஆனால் நாலாவது சரியாக இருந்தால்தான் கைநஷ்டம் இல்லை. நூற்றுக்குச் சுமார் 22 முறை நஷ்டம்தான் வரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து அரைகுறை ஞாபகம். கிராஸிங் ஓவர் எந்த நிலையில் நடக்கிறது என்று ஒரு கேள்வி. விடை பாக்கிடீன். "கயாஸ்மா, டிப்ளோடீன்" என்று மட்டும் மனசில் நிற்கும் பையன் நேராக டிப்ளோடீனுக்குப் போவான். கயாஸ்மா கண்ணுக்குத் தெரிவதுதான் அங்கே. மாற்றம் அதற்கு முன்பே முடிந்துவிடும். தப்பு விடைகளைச் சும்மா போடுவதில்லை, இந்த மாதிரி ஞாபகத்துக்கென்றே வைக்கிறார்கள். ஐந்துக்கு ஒன்று சரியானால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இந்த வலையில் விழுபவருக்கு அதுகூடத் தேறாது. கண்ணை மூடி அடிப்பவரே அவரைவிட மேல்.

"விட்டுடு" என்பதில் ஏதாவது உண்மை இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. வீடியோக்கள் இதைப் பிரித்துச் சொல்வதில்லை. தெரியாத கேள்வி வேறு, தெரிந்த மாதிரி இருக்கும் கேள்வி வேறு.

தான் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மாதிரித் தேர்வு எழுதும்போது, விடைகளைக் கழித்து அடித்த கேள்விக்கு ஒரு குறி, "எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கே" என்று அடித்ததற்கு வேறு குறி போடுங்கள். பத்துத் தேர்வு முடிந்ததும் இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். ஐந்துக்கு ஒன்றுக்கு மேல் சரியாக வரும் ரகத்தை நம்பலாம், மற்றதை விட்டுவிடலாம். நீட்டில் ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் குறித்ததை மாற்ற முடியாது. அதனால் ஊகமெல்லாம் கடைசிச் சுற்றுக்கு.

20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் தேர்வு இது. நடுவில் ஒரு மார்க் கூடினால் ரேங்க் ஆயிரக்கணக்கில் நகரும். வாராவாரம் மாதிரித் தேர்வு எழுதி, விடைகளை அலசும் கோச்சிங் மாணவர் இந்தக் கணக்கைத் தானாகவே பிடித்துவிடக்கூடும். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை நம்பி, செல்போனில் வீடியோ பார்த்தே தயாராகும் அரசுப் பள்ளி மாணவிக்கு அந்த வாய்ப்பு குறைவு. "விட்டுடு" என்று சொன்னால் அவள் நிஜமாகவே விட்டுவிடுவாள். இரண்டு விடைகளைக் கழித்துவிட்டு மீதி இரண்டில் தயங்கிய பத்துக் கேள்வியை அப்படி விட்டால், சராசரியாக 15 மார்க் போச்சு. இலவச அறிவுரைக்கு அவள் கொடுக்கும் விலை அது.