கண்ணீருக்குப் பின் கணக்கு

நம் மலேசியத் தமிழ் நாவல்களில் யுத்தம் உண்டு. யுத்தத்தால் பாழான நாட்டை யார் பணத்தில், யார் அதிகாரத்தில் மறுபடி எழுப்பினார்கள் என்பதோ அநேகமாக இல்லை. இதுவே என் குறை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய இரண்டையும் செங் வட்டாரத்துத் தோட்டவாசி எவரும் நெஞ்சு கனக்காமல் படித்து முடியார். ஆனால், கண்ணைத் துடைத்துக்கொண்ட பின் ஒரு கேள்வி எழவேண்டாமா? பல்லாயிரம் தமிழரைப் பலிகொண்ட அந்த 415 கிலோமீட்டர் பாதை பிறகு என்னவாயிற்று?

விலைபோயிற்று! 1946-ல் சயாம் எல்லைக்குட்பட்ட பகுதியைப் பிரிட்டிஷார் 12,50,000 பவுனுக்குச் சயாம் சர்க்காருக்கே விற்றனர். பாதை போடுவதற்கென ஜப்பானியர் அண்டை நாடுகளிலிருந்து கவர்ந்துசென்ற தளவாடங்களுக்கு ஈடாக அப்பணம் செலவிடப்பட்டது. காணாமற்போன இரும்புக்கு விலை மதித்தார்கள். காணாமற்போன பால்வெட்டுத் தொழிலாளிக்கு அந்த விற்பனைக் கணக்கில் ஓர் இனம்கூட இல்லை. நான் கிராணி, செக்ரோல் எழுதிப் பிழைப்பவன். எந்தப் பத்தியில் எவன் பெயர் விழுகிறது, எவன் பெயர் விடுபடுகிறது என்பதிலேயே ஒரு குடும்பத்தின் கதை அடங்கிவிடுவதை நாள்தோறும் பார்க்கிறேன். இந்த ஒரு விற்பனைச் சீட்டு, காட்டில் நடந்த எந்தச் சாவுக்கும் குறையாத நாவல் நிகழ்ச்சியன்றோ?

1945 செப்டம்பரில் திரும்பிவந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம், ஜப்பான் நோட்டுகள் செல்லா என்று அறிவித்தது. என் பூட்டனார் தகரப்பெட்டியில் சேர்த்திருந்த, வாழைமரம் அச்சிட்ட 10 வெள்ளித் தாள்கள் இன்றும் எங்கள் வீட்டில் கிடக்கின்றன. மூன்றாண்டுக் கூலி! அரிசித் தட்டுப்பாட்டில் ஜனங்கள் அந்த நிர்வாகத்தின் பி.எம்.ஏ. என்ற எழுத்துகளுக்குக் ‘கள்ளச்சந்தை நிர்வாகம்’ என்று பொருள் விரித்தார்கள். 1946 ஏப்ரலில் மலாயா யூனியன் வந்தது. 1948 பிப்ரவரியில் கூட்டரசு வந்தது. வருமான வரியும் 1948-ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பெரும்பணம் மரத்திலிருந்தே வந்தது. மலாயா ரப்பரை விற்று ஈட்டிய அமெரிக்க டாலர், ஸ்டெர்லிங் வட்டாரத்தின் பொதுக் களஞ்சியத்தில் சேர்ந்தது. 1946-ல் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கிய பிரிட்டனுக்கு அது ஊன்றுகோல். யுத்தத்தில் நொந்த இரண்டு நாடுகளை ஒரே பால்வாளி தாங்கியது என்றால் மிகையாகாது.

‘இது பொருளாதாரம், இலக்கியமாகாது’ என்பார் உண்டு. அவர்கள் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்துப் பார்க்கட்டும். 1972-ல் வெளிவந்த அந்நூலில் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் வட்டிக்கடைப் பேச்சும் எவ்வளவு உயிரோடு உலவுகின்றன! மைடானில் கடைவேலை பார்த்தவர் அவர். பணத்தின் பாஷை அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்குத் தெரியாதா? ஆங்கில ஏடுகளைப் புரட்டத் தெரிந்த கிராணிமார் துரைக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டிருக்கலாம். (என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன்.)

நாவலாசிரியருக்கு இன்னும் ஒரு காட்சி காத்திருக்கிறது. 1967 செப்டம்பரில் ஜப்பான் இந்நாட்டோடு உடன்படிக்கை செய்து, 2½ கோடி வெள்ளி மதிப்புள்ள உதவியைக் கப்பல்களாகத் தர இசைந்தது. சயாமிலிருந்து கணவன் திரும்பாத ஒரு லயத்துக் கிழவி அச்செய்தியைக் கேட்கிறாள். அவள் என்ன கேட்டிருப்பாள் என்பதை எழுதிக்காட்டும் நாவலுக்காகவே காத்திருக்கிறேன்.