ஆனைக்காவும் ‘கா’ என்னும் சொல்லும்

‘கா’ என்பது நன்னூலார் எண்ணிய 42 ஓரெழுத்தொருமொழிகளுள் ஒன்று. இன்பப் பொழில் என்பதே அதன் பொருளெனப் பலரும் கொள்வர். காத்தற்குரிய சோலையாதலின் கா எனப்பட்டது என்று, காத்தல் வினையினின்று அதனைப் பிறப்பிப்பாரும் உளர். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, திருவரங்கத்தை அடுத்து விளங்கும் திருவானைக்காவின் பெயர், இக்கொள்கையை மீண்டும் ஆராயத் தூண்டுகின்றது.

இவ்வூரை இன்று ‘திருவானைக்காவல்’ என வழங்குகின்றனர். இவ்வழக்கைக் காத்தற் பொருட்குச் சான்றாகக் காட்டல் பொருந்தாது. தேவாரத்துள் பயில்வது ‘ஆனைக்கா’ என்னும் வடிவமே. கோடிகா, நெல்லிக்கா, குரக்குக்கா என்பனவும் பிற்காலத்தே கோடிக்காவல், நெல்லிக்காவல், குரக்காவல் எனத் திரிந்தன. பழஞ்சொல்லின் பொருள் மறையவே, மக்கள் தமக்குத் தெரிந்த ‘காவல்’ என்னும் சொல்லை அதன்மேல் ஏற்றினர். ‘திருவானைக்கோயில்’ என்னும் பேச்சு வழக்கும் அவ்வாறு எழுந்ததே. எனவே ‘காவல்’ என்பது சொற்பிறப்பைக் காட்டுவதன்று. சொல் மறந்தமையையே காட்டுவது.

அங்ஙனமாயின் இதன் மூலம் யாது? ஆ–ஆன், மா–மான், கோ–கோன் என்னும் இணைகளோடு கா–கான் என்பதனையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். கான் காடாதலின், கா என்பதும் முதற்கண் மரச்செறிவையே குறித்திருத்தல் கூடும். ஊர்ப்பெயர்களும் இதற்கு அரண் செய்கின்றன. யானையும் குரங்கும் அரசர் இன்பப் பொழிலுக்கு உரியன அல்ல, காட்டிற்கு உரியன. நெல்லியும் தானே வளரும் காட்டு மரம். ஆனைக்காவின் தலமரமாகிய வெண்ணாவலும், அதன் நிழலில் யானை வழிபட்டதென்னும் புராணமும் இக்காட்டு நிலையை நினைவூட்டுவனவாம்.

மலையாளத்தில் ‘காவு’ என்பது தெய்வம் உறையும் மரச்செறிவு. பாம்புக்காவில் மரம் வெட்டுதல் விலக்கப்பட்டுள்ளது. இதனைக் காத்தற் பொருட்குச் சான்றென்பார் கூற்று வலியுடையதே. எனினும், காக்கப்படுதல் அவ்விடத்தின் மேல் வந்த ஒழுக்கமாகலாம். அவ்வொழுக்கமே பெயர்க்குக் காரணமாதல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

ஆகவே மரச்செறிவு முதற்பொருள். தெய்வம் உறையும் சோலை அதன் வழிப்பொருள். மக்கள் இன்புறும் பொழில் பிறிதொரு வழிப்பொருள் எனக் கொள்ளலாம். ‘காவை விரித்தலின் காவிரி’ என ஆற்றின் பெயர்க்கு உரைக்கும் காரணம் கேட்டற்கு இனிது. ஆயினும் ஓசையொப்புமை ஒன்றே சான்றாகாது. ஊர்ப்பெயர்களை ஆராய்வார் இன்றைய வழக்கைத் தொடக்கமாகக் கொள்ளாது, பாடல்களிற் பயிலும் பழைய வடிவினின்று தொடங்குதல் வேண்டும். ஆனைக்கா நமக்கு உணர்த்துவது இதுவே.