சேனாபதி எப்படி எழுந்து நிற்கிறார்?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் அடி அண்ணாமலைக் கோயிலை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், மனித உடம்புக்கு வயதாவது எப்படி என்று கண்ணாலேயே படித்துவிடலாம். கிரிவலப் பாதை மொத்தம் 14 கிலோமீட்டர். அதில் பாதியை முடித்தவர்கள்தான் இந்த இடத்தைக் கடக்கிறார்கள், பெரும்பாலும் வெறுங்காலோடு. இருபது வயதுப் பையன் குதிகாலை ஊன்றி முன்பாதத்தால் தரையை உந்துகிறான். எழுபதைத் தாண்டியவர் பாதம் முழுவதையும் ஒன்றாகவே வைக்கிறார். யாராவது கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப மாட்டார், தோளும் இடுப்பும் சேர்ந்தே திரும்பும். உட்கார்ந்து எழும்போது கை தானாக முழங்காலைத் தேடிப் போகும். பல வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து, திரையில் ஒரு நடிகர் கிழவனாக வந்தால் நான் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். முழங்காலைத்தான் பார்க்கிறேன்.

2024 ஜூலை 20, சனிக்கிழமை இரவு, ஆடிப் பௌர்ணமி. ‘இந்தியன் 2’ வெளியாகி எட்டு நாள் ஆகியிருந்தது. கடை பெஞ்சில் பேப்பர் கைமாறிக்கொண்டிருந்தது, அதோடு சண்டையும். ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார் ஒருவர், கல்லூரி மாணவன் ஒருவன், மாலை கட்டும் அம்மா ஒருவர். வாத்தியார் 1996 மே மாதம், லஞ்சத்தை எதிர்க்கும் கிழவர் சேனாபதியாகக் கமல்ஹாசன் நடித்த ‘இந்தியன்’ வந்தபோது மூன்று முறை தியேட்டருக்குப் போனவர். மாணவனோ முதல் படத்தையே கைப்பேசியில்தான் பார்த்தவன்.

“இருவத்தெட்டு வருசம் காத்துக்கினு இருந்தேன்பா. என் சேனாபதிய ஒத்தச் சக்கர வண்டில ஏத்தி ரோட்ல ஓட வுட்டுட்டாங்க” என்றார் வாத்தியார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

“சார், நீங்க பழசையே நெனச்சிக்கினு போனீங்க. அந்த அப்பா, புள்ள கதை நல்லாத்தான சார் இருந்துச்சு?” என்றான் மாணவன்.

பூக்கட்டும் அம்மா மாணவன் பக்கம். தலையை நிமிர்த்தாமலே, “பெத்த அப்பனையே மாட்டி வுட்றான் பாரு, அங்க எனக்கு வயிறு கலங்கிருச்சு. எத்தன வூட்ல அந்த மாதிரி காசு வந்துக்கினு கீது” என்றார்.

தமிழ்நாடு முழுக்க அந்த வாரம் இதே வாக்குவாதம்தான், வெறுத்தவர்களின் குரல் ஓங்கியிருந்தது. மூன்று மணி நேரப் படத்தை, வெளியாகி ஒரு வாரம் ஆவதற்குள் சுமார் 12 நிமிடம் வெட்டிக் குறைத்தார்கள். நீளம் குறைந்த பிறகும் சண்டை குறையவில்லை. குறை நீளத்தில் இல்லை, ஆட்டக்காரரின் உடம்பைப் பயன்படுத்திய விதத்தில் இருக்கிறது என்பதே என் முடிவு. அதனால்தான் கிரிக்கெட்டும் கபடியும் பேசும் இந்தப் பத்தியில் இந்த முறை சேனாபதி.

முதலில் ஒரு கணக்கு. கதைப்படி சேனாபதி பிறந்தது 1918. முதல் படம் வந்தபோது அவருக்கு வயது 78, கமல்ஹாசனுக்கு 41. இடையில் 37 வருட தூரம், அதை ஒப்பனையாலும் உடலாலும் கடந்தாக வேண்டும். எப்படிக் கடந்தார் என்று திரும்பப் போட்டுப் பாருங்கள். முதுகு லேசாக வளைந்திருக்கும், அசைவுகள் சிக்கனமாக இருக்கும். தேவை வரும்வரை கைகள் வேலை செய்யாது. எதிரி அவரை ஒரு சாதாரணப் பெரியவராக எண்ணி அருகில் வரும்வரை காத்திருப்பார். பிறகு இரண்டு விரல் மடங்கும், ஒரு தொடுதல், எதிரி கீழே கிடப்பான். சண்டை முடிந்ததும் உடம்பு மறுபடி பழைய முதுமைக்குள் போய்விடும். பலம் வெளியே தெரிந்த நேரம் சில நொடிகள்தான். மீதி நேரமெல்லாம் நாம் பார்த்தது ஒரு கிழவரை. அந்தச் சில நொடிகளுக்காகத்தான் தியேட்டர் விசிலடித்தது.

சேனாபதி கையாளும் வர்மக்கலையின் இலக்கணமே அதுதான். கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் உடலில் 108 வர்மங்கள் என்று கணக்குச் சொல்வார்கள், படுவர்மம் 12, தொடுவர்மம் 96. மோதி ஜெயிக்கும் கலை இல்லை இது. எதிரியின் உடம்பில் எந்தப் புள்ளி எந்த நேரத்தில் திறந்திருக்கிறது என்று தெரிந்து, மிகக் குறைந்த அசைவில் அதைத் தொடும் கலை. 78 வயதுக்காரர் இளைஞனை வீழ்த்துவதை நாம் நம்பியது இதனால்தான். கதாபாத்திரத்தின் வயதும் அவர் தெரிந்து வைத்திருந்த கலையும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

முதல் படத்தில் இன்னொரு பலமும் இருந்தது. அதைப் பலரும் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். அதே கமல் மகன் சந்துருவாகவும் வந்தார். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் லஞ்சம் வாங்கிக்கொண்டு பேருந்துக்குத் தகுதிச் சான்று தரும் சந்துரு துள்ளி நடப்பான், கழுத்தைச் சட்டென்று திருப்புவான். ஒரே எலும்பு, ஒரே தசை, இரண்டு நடை. நம் கண் இரண்டையும் மாற்றி மாற்றி அளந்துகொண்டே இருந்தது. மகனின் வேகத்தைப் பார்த்த கண்ணுக்குத்தான் அப்பாவின் நிதானம் அச்சமூட்டியது. அந்த நடிப்புக்கு தேசிய விருது கிடைத்ததில் சந்துருவுக்கும் பாதிப் பங்கு உண்டு.

இப்போது இரண்டாம் பாகத்துக்கு வருவோம். அதே கணக்குப்படி சேனாபதிக்கு வயது 106. படம் வந்தபோது கமலுக்கு 69. மீண்டும் அதே 37 வருடம். ஆனால் இந்த முறை அளப்பதற்குச் சந்துரு இல்லை. அந்த இடத்தில் விதவிதமான வேடங்கள் வருகின்றன, ஒவ்வொன்றிலும் முகத்தின் மேல் கனமான ஒப்பனை. கமலின் முகத்தில் கன்னமும் வாயோரமும்தான் முதலில் நடிக்கும், அவை இங்கே ஒப்பனைக்கு அடியில் மூடிக் கிடக்கின்றன. மிஞ்சுவது கண்ணும் குரலும். அந்தக் குரல் மட்டும் இன்னும் தேயவில்லை. அது வரும்போதெல்லாம் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊரே திரும்பிப் போ என்று விரட்டும்போது அவர் நிற்கும் நிலையில் பழைய சேனாபதி ஒரு கணம் தெரிந்தார். பிறகு துரத்தல் தொடங்கியது.

துரத்தலில்தான் ஆட்டம் கைவிட்டுப் போகிறது. 106 வயதுக்காரர் ஒற்றைச் சக்கரத்தில் தெருக்களில் சீறிப் பாய்கிறார். முதல் படத்தில் முதுமை தெரிந்தது, பலம் ஒளிந்திருந்தது. இங்கே பலம் எப்போதும் தெரிகிறது, முதுமை தலைமுடியிலும் தோலிலும் மட்டும் இருக்கிறது. முழங்காலில் இல்லை. கிரிவலத்தில் கால் வைத்த எந்தக் கண்ணும் இதை உடனே கண்டுபிடித்துவிடும். வாத்தியார் கண்டுபிடித்ததும் இதைத்தான். நாற்பது வருடம் பிள்ளைகளை ஓடவைத்துப் பார்த்தவர் ஆயிற்றே.

வயதான ஆட்டக்காரர் எப்படி ஆடவேண்டும் என்பதற்கு அதே 2024-இல் கிரிக்கெட்டில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஏப்ரல் 14, வான்கடே மைதானம். மகேந்திர சிங் தோனிக்கு 42 வயது. முந்தைய வருடம் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். சென்னை ஐ.பி.எல். அணியின் தலைமையை இளையவர் ருதுராஜிடம் கொடுத்துவிட்டார். கடைசி ஓவரில் நான்கு பந்து மிச்சமிருக்கும்போது இறங்கினார். மூன்று சிக்ஸர், பிறகு இரண்டு ரன், மொத்தம் 20. சென்னை அந்த ஆட்டத்தை வென்ற வித்தியாசமும் 20 ரன். நாற்பது பந்து ஆடியிருந்தால் அந்த முழங்கால் தாங்கியிருக்காது. தாங்கும் அளவைத் தெரிந்துகொண்டு தன் வேலையை நான்கு பந்தாகச் சுருக்கிக்கொண்டார். முதல் ‘இந்தியன்’ சேனாபதியும் நான்கு பந்து ஆடியவர்தான்.

கமலுக்கு இது தெரியாததல்ல. 2022-இல் ‘விக்ரம்’ வந்தது, 1986-ஆம் வருடத்து ‘விக்ரம்’ படத்தின் பெயரையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு. அதன் முதல் பாதியில் அவர் அதிகம் தென்படவே இல்லை. பேரக்குழந்தைக்குச் சத்தம் ஆகாது என்பதற்காக அடங்கி அடங்கி நடக்கும் தாத்தாவாக வந்தார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ‘இந்தியன் 2’க்குப் போனவர்களின் எதிர்பார்ப்பு இரட்டிப்பானதில் வியப்பில்லை.

பூக்கட்டும் அம்மாவுக்கும் பதில் சொல்லவேண்டும், அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. முதல் படத்தில் சேனாபதி லஞ்சம் வாங்கிய தன் மகனைத் தானே கொன்றார். நீதி அவர் வீட்டில் நடந்தது, நாம் வெளியே நின்று பார்த்தோம். இரண்டாம் பாகம் அதே கத்தியை நம் வீட்டு அடுப்படிக்குள் கொண்டுவருகிறது. சித்தார்த் நடித்த அரவிந்தன் லஞ்சம் வாங்கும் தன் அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறான், அதனால் அம்மாவை இழக்கிறான். இழந்த துக்கம் சேனாபதியின் மேல் வெறுப்பாகத் திரும்புகிறது. எழுத்தளவில் இது முதல் படத்தைவிடத் துணிச்சலான யோசனை. அதைச் சித்தார்த்தும், அப்பா அம்மாவாக வந்த சமுத்திரக்கனியும் ரேணுகாவும் சுமந்தார்கள். சேனாபதி அந்த வீட்டுக்குள் வரவே இல்லை. அந்த அப்பாவுக்கு எதிரே அவரை ஐந்து நிமிடம் உட்காரவைத்திருந்தால் வாத்தியாரும் அந்த அம்மாவும் ஒரே கட்சியாக இருந்திருப்பார்கள்.

காத்திருப்பின் விலையையும் மறக்க மாட்டேன். 2019-இல் தொடங்கிய படப்பிடிப்பு. 2020 பிப்ரவரி 19 இரவு கிரேன் சரிந்து படக்குழுவில் மூன்று பேர் உயிர் போனது. 2021-இல், படத்தில் நடித்திருந்த விவேக் மறைந்தார், அதே வருடம் நெடுமுடி வேணுவும் போனார். விவேக்கும் கமலும் சேர்ந்து நடித்த ஒரே படம் இது. திருவண்ணாமலையில் நான் பார்த்த காட்சியில் விவேக் வந்ததும் கைதட்டல் எழுந்து, பாதியில் அடங்கியது.

மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தை இரண்டாம் பாகத்தின் முடிவிலேயே காட்டிவிட்டார்கள். “அதுக்கும் போவீங்களா சார்?” என்று மாணவன் கேட்டான்.

“மொத நாள் மொத ஷோ” என்றார் வாத்தியார்.

அப்போது ஒரு பெரியவர் கூட்டத்திலிருந்து விலகி பெஞ்சுக்கு வந்தார். எண்பது இருக்கும். மாணவன் எழுந்து இடம் விட்டான். தண்ணீர் வாங்கிக் குடித்தார், துண்டால் பாதத்தைத் துடைத்தார். “இன்னும் எவ்ளோ தூரம்பா?”

“பாதிக்கு மேல வந்துட்டீங்க தாத்தா.”

சரி என்று தலையாட்டி, வலது கையை முழங்காலில் ஊன்றினார். முதலில் இடுப்பு எழுந்தது, பிறகு முதுகு, கடைசியில் தலை. ஒரு நொடி அப்படியே நின்று மூச்சை வாங்கிக்கொண்டு வாயுலிங்கம் பக்கமாக நடக்கத் தொடங்கினார். அந்த நடையை, கையிலிருந்த டீ ஆறுவதுகூடத் தெரியாமல், வாத்தியார் பார்த்துக்கொண்டே இருந்தார்.