தேம்பாவணியிற் பிணியும் மனத்திண்மையும்

மதுரையின் இலக்கிய நினைவில் நோய்க்கு ஒரு தனியிடம் உண்டு. பாண்டியனைப் பற்றிய வெப்பு நோயைத் திருஞானசம்பந்தர் திருநீற்றால் தணித்ததைச் சேக்கிழார் விரித்துரைப்பர். சம்பந்தர் ஏற்ற வலப்பாகம் குளிர, சமணர் ஏற்ற இடப்பாகம் மேலும் கொதித்தது என்பது அவ்வரலாறு. நாவுக்கரசரை ஆட்கொண்ட சூலையும் திருவதிகையிற் பதிகம் பாடிய அளவில் நீங்கிற்று. இவ்விடங்களில் நோய் இறைவன் ஆற்றலை விளக்கும் கருவி. ஆற்றல் விளங்கியபின் நோய் விலகிவிடுகின்றது.

மதுரை மிசனைச் சார்ந்து தொண்டாற்றிய வீரமாமுனிவர் (1680–1747) இம்மரபினின்று வேறுபடும் இடம் ஒன்றுண்டு. 1726-இல் முற்றுப்பெற்றதும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டதுமான தேம்பாவணியின் பிணி தோற்று படலமே அது. காப்பியத் தலைவனாகிய வளன், அஃதாவது சூசை, நோயுறுகின்றான். அந்நோய் பாவத்தின் பயன் அன்று. பிற சமயத்தினின்று மீட்க வந்த சூலையும் அன்று. அது நீங்கவும் இல்லை, இறப்பிலேயே முடிகின்றது.

நற்செய்தி நூல்கள் நான்கும் சூசையின் இறப்பைக் கூறவில்லை. இப்பகுதிக்கு, இசுப்பானியத் துறவி ஆகிரதா மரியாளின் நூல் மூலமாக அமைந்தது என்பர். மூலம் எதுவாயினும், தமிழ்க் காப்பியத்துள் அது புகுந்தவுடன் கடியதொரு வினா எழுகின்றது. பிறர் பிணி தீர்க்க வல்ல திருமகன் படுக்கையருகே இருக்கின்றான். வளர்த்த தந்தையின் பிணியை ஏன் தீர்த்திலன்? யோபுவும் இறுதியில் இழந்தவற்றை இருமடங்காகப் பெற்றான். வளனுக்கு இவ்வுலகில் அதுவும் இல்லை.

தவத்தின் மாட்சி மிகுதற்பொருட்டே பிணி வந்தது என்பது முனிவர் தரும் விடை. இவ்விடை சமய நூலுக்குப் போதும். காப்பியத்திற்குப் போதுமா என்பது ஐயமே. மதுரையை அடுத்த பரவையில் நோயுற்ற உறவினர் ஒருவரின் கட்டிலருகே சில திங்கள் இருக்க நேர்ந்த காலத்து இப்படலத்தை மீண்டும் பயின்றேன். காரணங்கள் கூறும் பாடல்கள் அப்போது நெஞ்சிற் பதியவில்லை. மகனும் மனைவியும் அருகிருக்கின்றனர் என்னும் நிலை ஒன்றே பதிந்தது. தச்சுத் தொழிலால் இருவரையும் தாங்கியவன், ஈண்டு அவர்களால் தாங்கப்படுகின்றான். அவனது திண்மை நோயை வென்ற திண்மையன்று. பிறர் கையை ஏற்கும் திண்மை. முனிவர் எண்ணியதனினும் அவர் அமைத்த காட்சி ஆழமுடையது என்றே கருதுகின்றேன்.

இறுதியில் முடிசூட்டுப் படலம் வருதலின், துன்பம் ஈடுசெய்யப்பட்டதன்றோ எனச் சிலர் வினவலாம். அம்முடி இறப்பிற்கு அப்பாற்பட்டது. கட்டிலிற் கிடப்பவன் அதனை நம்பலாமேயன்றிக் காணுதல் இயலாது. நம்பிக்கைக்கும் காட்சிக்கும் உள்ள அவ்விடைவெளியிலேயே இப்படலம் நிகழ்கின்றது.

முனிவரின் அணிநயம் சிலவிடங்களில் நோயாளியை மறைத்துவிடுகின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். தாயை இழந்த கருணையன் புலம்பலில், கானகமே உடன் அழுவதாகக் கூறும் அணி பொருந்துகின்றது. ஆங்குத் துயரம் வாய்விட்டு அழும் இளைஞனது. நோய்ப்படுக்கையோ ஓசை குறைந்த இடம். கருணையன் புலம்பலைப் பாடநூலிற் பயின்ற மாணவர், இவ்விரு பகுதிகளையும் அருகருகே வைத்து நோக்குவாராயின், ஒரே புலவரின் கை எங்கே தேர்ந்தது, எங்கே தயங்கிற்று என்பதைக் காண்பர்.