இறுதித் தீர்ப்பின் அளவுகோல்

விவிலியத்தின் இறுதி நூலாகிய ‘வெளிப்படுத்தின விசேஷம்’ உலக முடிவைக் காட்சிகளாய்த் தீட்டுவது. ஏழு முத்திரைகள் உடைகின்றன. ஏழு எக்காளங்கள் முழங்குகின்றன. ஏழு கலசங்களிலிருந்து இறைவனின் சினம் ஊற்றப்படுகிறது. அச்சந்தரும் இக்காட்சிகளிலேயே மயங்கி நிற்போர் நூலின் உட்பொருளைத் தவறவிடுவர். 20ஆம் அதிகாரத்தில் ஏடுகள் திறக்கப்பட, மாந்தர் தத்தம் செயல்களுக்கேற்பத் தீர்ப்புப் பெறுகின்றனர்.

அச்செயல்கள் யாவை? மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் விடை கூறும். பசித்தோர்க்கு உணவு, தாகமுற்றோர்க்கு நீர், அயலார்க்கு இடம், ஆடையற்றோர்க்கு உடை, நோயாளர்க்கும் சிறைப்பட்டோர்க்கும் துணை, இவையே அளவுகோல். அங்கு நல்லோரும் தீயோரும் ஒருங்கே வியக்கின்றனர். எளியோர் வடிவில் தம்முன் நின்றவன் அரசனே என்பதை இருசாராரும் அறிந்திலர். இவ்வறியாமையே அக்காட்சியின் உயிர்நிலை. அறிந்து செய்திருப்பின் அறம் வாணிகமாகியிருக்கும்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் வழிநின்றோர், 1844 அக்டோபர் 22இல் கிறிஸ்து வருவார் என நம்பிக் காத்திருந்தனர். அந்நாள் வாளா கழிந்தது. அவ்வேமாற்றம் கற்போர்க்கு ஒரு பாடம். வருநாளை எண்ணியிருப்பவன், வாயிலில் நிற்கும் பசித்தவனைக் காணத் தவறுவானாயின், தீர்ப்பு நாளின் வினாவிற்கு அவனிடம் விடை இராது.